ஒரே சுவிட்சில் நான்கு விளக்கு: வெளிச்சம் ஏன் பங்கு போவதில்லை?

போன மாதம் அக்கா வீட்டுக் கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். நடுவில் இருந்த ஒற்றை டியூப்லைட்டை எடுத்துவிட்டு, மூலைக்கு ஒன்றாக நான்கு எல்இடி டவுன்லைட் வைப்பதாக ஏற்பாடு. வயரிங் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டார்: "ஏன்டா தம்பி, நாலு லைட்டையும் ஒரே சுவிட்ச்ல போட்டா வெளிச்சம் நாலாப் பிரிஞ்சு மங்கிடாதா? நாலு சுவிட்ச் வைக்கச் சொல்லட்டுமா?"

நல்ல கேள்வி. பலர் மனதில் இருப்பது, ஆனால் கேட்கத் தயங்குவது. சரியாக இணைத்தால் வெளிச்சம் பிரியாது. தவறாக இணைத்தால் அக்கா பயந்தது அப்படியே நடக்கும். ஒவ்வொரு விளக்கின் இரண்டு முனையும் எந்த வயரைத் தொடுகின்றன என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வீட்டு விளக்கு வயரிங்கில் பாதி புரிந்த மாதிரி.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஒரு விளக்கு எரிய இரண்டு வயர் போதும். ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். ஃபேஸில் 230 வோல்ட் இருக்கும். நியூட்ரல், தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே விளக்கை வைத்தால் மின்சாரம் அதன் வழியாக ஓடும். மூன்றாவதாக வரும் எர்த், விளக்கு எரிவதற்காக அல்ல. உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால் அது ஆளைத் தாக்காமல் மண்ணுக்குப் போவதற்காக.

இப்போது வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ஒரு மதகு. வாய்க்காலை ஒட்டி நான்கு வயல், ஒவ்வொன்றுக்கும் தனி மடை. வயலில் பாய்ந்த தண்ணீர் மறுபக்கத்தில் உள்ள வடிகாலில் விழுகிறது. வாய்க்கால்தான் ஃபேஸ், வடிகால் நியூட்ரல், மதகு சுவிட்ச், வயல்கள் விளக்குகள். மதகைத் திறந்தால் நான்கு வயலுக்கும் பாயும். மூடினால் நான்கும் நிற்கும். நடுவில் ஒரு வயலின் மடையை அடைத்தாலும் மற்ற மூன்றும் பாட்டுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும். இதுதான் பேரலல் இணைப்பு. பள்ளிப் பாடத்தில் பக்க இணைப்பு என்று படித்திருப்போம். ஒவ்வொரு விளக்கின் ஒரு முனை சுவிட்சிலிருந்து வரும் வயரையும், மறு முனை நியூட்ரலையும் நேராகத் தொட வேண்டும். அப்படித் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும்.

உவமை ஓரிடத்தில் இடறும். வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் குறையும். வீட்டு வயரில் அப்படிக் குறையுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.013 ஓம். சுவிட்சிலிருந்து கடைசி விளக்கு 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர், 0.26 ஓம். அக்கா வாங்கிய விளக்கு ஒன்று 12 வாட். நான்குக்கும் சேர்த்து 48 வாட். எல்இடி தன் வாட் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகவே கரண்ட் இழுக்கும் (பவர் ஃபேக்டர் என்பார்கள்); அதைச் சேர்த்துப் பார்த்தாலும் அரை ஆம்பியரைத் தாண்டாது. அரை ஆம்பியர் முழுவதும் கடைசி வரைக்கும் போவதாக வைத்துக்கொண்டாலும் வழியில் இழப்பது 0.13 வோல்ட். 230-ல் அது ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் கடைமடைப் பிரச்சினை கிடையாது.

அப்படியானால் வெளிச்சம் எப்போது பிரியும்? முதல் விளக்கின் வெளி முனையை இரண்டாவதின் உள் முனையில் கொடுத்து, இரண்டாவதின் வெளி முனையை மூன்றாவதில் கொடுத்து, கடைசியில் மட்டும் நியூட்ரலைத் தொட்டால். சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக. இது தொடர் இணைப்பு, சீரியல். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்கும் சீரியல் செட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். சின்னச் சின்ன பல்புகள் 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும்; தலைக்கு 6 வோல்ட் என்றால் நாற்பது பல்பு சேர்ந்து மொத்தத்தைத் தாங்கும். பழைய செட்டில் ஒன்று ஃபியூஸ் போனால் வரிசையே அணைந்துபோவதும் இதே காரணத்தால்தான்.

வீட்டு விளக்கை இப்படிப் போட்டால் என்ன ஆகும்? 60 வாட் குண்டு பல்பு இரண்டைத் தொடராக இணைத்தால் ஆளுக்கு 115 வோல்ட்தான். இரண்டும் மஞ்சள் பழுத்த மாதிரி எரியும். 40 வாட் ஒன்றையும் 100 வாட் ஒன்றையும் தொடராக இணைத்தால் 40 வாட் பல்புதான் அதிகப் பிரகாசமாக எரியும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். 40 வாட் பல்பின் இழையில் மின்தடை அதிகம், அதனால் வோல்ட்டேஜில் பெரும்பங்கு அதன் மேல் விழுகிறது. 100 வாட் பல்புக்கு மிஞ்சுவது கம்மி, கம்பி சிவந்து நிற்பதோடு சரி. எல்இடியைத் தொடராகப் போட்டால் இன்னும் மோசம். 230 வோல்ட்டை எல்இடிக்கு ஏற்ற டிசியாக மாற்றிக் கொடுக்கும் டிரைவர் சுற்று இப்படிப் பங்கு பிரித்துக்கொள்ள வடிவமைக்கப்பட்டதல்ல. மினுக்கும், அணைந்து அணைந்து எரியும், சில சமயம் எரியவே எரியாது.

சரி, நான்கு விளக்குக்கு எத்தனை வயர் மேலே போக வேண்டும்? நான்கு ஜோடி என்று அக்கா நினைத்திருந்தார். தேவையில்லை. சுவிட்ச் போர்டிலிருந்து முதல் விளக்குக்கு மூன்று வயர்: சுவிட்ச் வழியாக வரும் ஃபேஸ், சுவிட்சைத் தொடாமல் நேராக வரும் நியூட்ரல், எர்த். முதல் விளக்கிலிருந்து இரண்டாவதுக்கு அதே மூன்று. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அதே மூன்று. நாலாவதில் முடிந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் வரும் வயரும் போகும் வயரும் ஒன்றாகச் சேர்ந்து அந்த விளக்கின் முனையில் உட்காரும். எலக்ட்ரீசியன்கள் இதை லூப் எடுப்பது என்பார்கள். பார்ப்பதற்குச் சங்கிலி போலத் தெரிந்தாலும் இது தொடர் இணைப்பு அல்ல. வயர்தான் வரிசையாகப் போகிறது. மின்சாரம் ஒரு விளக்கைத் தாண்டித்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும் என்பதில்லை.

இதில் பலர் குழம்பும் ஓரிடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது விளக்கு பழுதாகிறது. யாரோ ஃபிட்டிங்கையே கழற்றி, அதிலிருந்த லூப் வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். மூன்றும் நான்கும் எரியவில்லை. உடனே "சீரியலில் போட்டுவிட்டார்கள்" என்று பழைய ஆளைத் திட்டுவார்கள். விளக்கு போனதால் அவை அணையவில்லை. வாய்க்காலையே நடுவில் வெட்டிவிட்டதால் அணைந்தன. வந்ததையும் போனதையும் மறுபடி சேர்த்துவைத்தால் எரியும்.

அதனால்தான் ஃபால்ஸ் சீலிங் போடும் வீடுகளில் நான் வேறு விதமாகச் செய்யச் சொல்கிறேன். மேலே கை எட்டும் இடத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக வயர் இழுப்பது. மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வயர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் ஒரு விளக்கை மாற்றும்போது மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. எது பழுது என்று கண்டுபிடிப்பதும் எளிது. அக்கா வீட்டில் இப்படித்தான் செய்தோம்.

வயர் அளவு பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். கடையில் ஒன் ஸ்கொயர், ஒன்றரை ஸ்கொயர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒன்றரையைத்தான் விரும்புவேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, வயரை அடிக்கடி மாற்றப் போவதும் இல்லை. சுவிட்ச் 6 ஆம்பியர் போதும். அக்கா கேட்டதற்கு இதிலும் பதில் இருக்கிறது. அந்த நாளில் 60 வாட் குண்டு பல்பு நான்கு போட்டிருந்தாலே ஒரு ஆம்பியர்தான் ஆகியிருக்கும். ஒரு லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட் அல்லது 800 வாட் என்பது நம் ஊர் வயரிங்கில் வெகுகாலமாக உள்ள கணக்கு. எல்இடி வந்த பிறகு வாட் அந்த எல்லைக்குப் பக்கத்தில் கூட வருவதில்லை.

மூட்டுதான் வயரிங்கின் உயிர். தீப்பிடித்த வீடுகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது தளர்ந்த மூட்டுதான். தளர்வான இடத்தில் மின்தடை கூடும், சூடு ஏறும், இன்சுலேஷன் உருகும். நல்ல மூட்டு எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயரின் முனையிலும் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக பிவிசியைச் சீவ வேண்டும், உள்ளிருக்கும் இழை ஒன்று கூட வெட்டுப்படாமல். இரண்டையும் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, கட்டிங் பிளேயரால் ஒரே திசையில் இறுக முறுக்கி, நுனியை மட்டமாக வெட்டி, கனெக்டருக்குள் நுழைத்துத் திருகை முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனியாகப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் அது மூட்டே இல்லை. செம்பு வெளியில் தெரியக் கூடாது. பிவிசி திருகுக்கு அடியில் சிக்கவும் கூடாது. வெறும் முறுக்கு, மேலே டேப் என்று விடுவது பரவலாக நடக்கிறது. மாடிக்குக் கீழே வெயிலில் வேகும் இடத்தில் சில கோடைக்குப் பிறகு டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். கனெக்டர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பைப்புக்குள் மூட்டு வைக்க விடவே விடாதீர்கள்; மூட்டு என்றால் அது திறந்து பார்க்கக் கூடிய பாக்ஸுக்குள்தான்.

டவுன்லைட்டில் இன்னொரு விஷயம். விளக்கோடு ஒரு சின்ன டப்பா வரும், அதுதான் டிரைவர். அதன் ஒரு பக்கம் 230 வோல்ட் உள்ளே போகும். மறுபக்கம் விளக்குக்கான டிசி வெளியே வரும். நான்கு விளக்கையும் சேர்க்க வேண்டியது உள்ளே போகும் பக்கத்தில் மட்டும். ஒரு டிரைவரின் வெளிப்பக்கத்திலிருந்து இன்னொரு விளக்குக்கு லூப் எடுத்தால் இரண்டும் கெடக்கூடும்.

மூட்டைத் தவிர, இதுவரை சொன்னதில் தவறு நடந்தால் விளக்கு மங்கும் அல்லது எரியாது, உடனே தெரிந்துவிடும். இனிச் சொல்வதில் தவறு நடந்தால் விளக்கு நன்றாகவே எரியும். அதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டு போர்டிகோவில் ஒரே சுவிட்சில் மூன்று எல்இடி பல்பு. சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் மூன்றும் மின்மினி மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. பல மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் சந்தேகம் வந்து, சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி ஹோல்டரின் ஒரு பின்னில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. சுவிட்ச் ஃபேஸில் இல்லை, நியூட்ரலில் இருந்தது. அணைக்கும்போதெல்லாம் வடிகாலை அடைத்துக்கொண்டிருந்தோம்; வாய்க்காலில் தண்ணீர் ததும்பிக்கொண்டேதான் இருந்தது. பல்பு அணைந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றது. வயருக்கும் சுவருக்கும் இடையே கசியும் நூலளவு மின்சாரத்தில் எல்இடி மினுங்கியிருக்கிறது. அந்த ஹோல்டரில் அம்மா மழை நாளில், ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

போர்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. போர்டிகோ கட்டும்போது மிச்சம் இருந்த சிவப்பு வயரையே ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் இழுத்திருந்தார்கள். எது எது என்று தெரியாமல் கைக்கு வந்ததைச் சுவிட்சில் கொடுத்திருக்கிறார்கள். சரிசெய்ய கால் மணி நேரம்தான் ஆனது: ஃபேஸ் சுவிட்சுக்கு, நியூட்ரல் விளக்குகளுக்கு நேராக.

எல்இடி லேசாக ஒளிர்ந்தாலே சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுவிட்சுக்குள் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், ஃபேஸ் வயரும் சுவிட்ச் வயரும் ஒரே பைப்பில் வெகுதூரம் ஒட்டிப் போனாலும் அப்படி ஒளிரலாம். ஆனால் பார்த்தால் சும்மா விடாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நிறம் முக்கியம் என்று இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம் நாட்டு வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டு ஃபிட்டிங் வாங்கினால் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்று இருக்கும். நம் வீட்டில் நீலம் ஃபேஸாக ஓடிக்கொண்டிருக்கலாம். நிறத்துக்கு நிறம் சேர்த்துவிடக் கூடாது. யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துப் பழகியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நமக்கு நேர் எதிர்.

அக்கா வீட்டில் ஒரு சிக்கல் வந்தது, உங்களுக்கும் வரலாம். புது விளக்குகளுக்கு ஃபேஸ் ஒரு போர்டிலிருந்து கிடைத்தது. நியூட்ரல் எடுக்க, பக்கத்துச் சுவரில் வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றோம். மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் செய்யும் வேலையே ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் சமமா என்று பார்ப்பதுதான். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு வித்தியாசம் வந்தால், யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். போனது ஒரு வழி, திரும்பி வந்தது அதைத் தொடாத இன்னொரு வழி என்றால் விளக்கு போட்ட உடனே ஆர்சிசிபி டிரிப் ஆகிவிடும். அப்போது "இது தொல்லை" என்று ஆர்சிசிபியையே எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எடுக்கவே எடுக்காதீர்கள், இரவல் நியூட்ரலை எடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் லைனோடு நியூட்ரல் கலந்தாலும் இதே தலைவலிதான்.

இன்வெர்ட்டர் என்றதும் இன்னொன்று. மெயினை அணைத்தாகிவிட்டது, இனிக் கை வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மெயின் போனதும் இன்வெர்ட்டர் எழுந்துவிடும், லைட் பாயிண்டுகளில் அதே 230 வோல்ட் இருக்கும். இரண்டையும் அணைத்து, டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இணைக்கும் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீசியனிடமே விடுங்கள். நான் இவ்வளவு எழுதுவது நீங்கள் ஏணி ஏறுவதற்காக அல்ல, கீழே நின்று "சுவிட்ச் ஃபேஸில்தானே இருக்கிறது?", "நியூட்ரல் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்பதற்காக.

வேலை முடிந்ததும் சீலிங்கை மூடுவதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கும் எரிவதைப் பார்த்த பிறகு, கரண்டை அணைத்து ஒரு விளக்கின் இணைப்பை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்ல வேண்டும். மற்ற மூன்றும் துளி கூட மாறாமல் எரிய வேண்டும். அடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு விளக்கின் இரண்டு முனையிலும் டெஸ்டர் வைக்க வேண்டும். எங்கேயும் பளிச்சென்று எரியக் கூடாது.

அக்கா வீட்டில் இரண்டும் சரியாக இருந்தன. கடைசியில் ஒரு மாற்றம் மட்டும் செய்தோம், அது வெளிச்சத்துக்காக அல்ல, வசதிக்காக. டிவிக்கு மேலே உள்ள இரண்டு விளக்கை ஒரு சுவிட்சிலும், சோஃபா பக்கம் உள்ள இரண்டை இன்னொன்றிலும் பிரித்தோம். இப்போது மாமா செய்தி பார்க்கும்போது முன்பக்கத்து இரண்டையும் அணைத்துவிடுகிறார். பின்பக்கத்து வெளிச்சத்தில் அக்கா பூ கட்டுகிறார்.